ஒரு காது திடீரென்று அடைத்தால் அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

ஒரு காது திடீரென்று கேட்காமல் போவது பெரும்பாலும் வலி இல்லாமல்தான் வரும். அதில் இருக்கும் பெரிய ஆபத்தே அதுதான். ராத்திரி படுக்கும்போது நன்றாக இருந்த காது காலையில் அடைத்துக்கொண்டிருக்கும். சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை, குத்தல் இல்லை. உள்ளே ஒரு இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் புகுந்திருக்கும், சளி இறங்கியிருக்கும், அழுக்கு சேர்ந்திருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள், மருந்துக் கடையில் சொல்வார்கள், பல கிளினிக்குகளிலும் அதையே சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அழுக்கு கரைக்கும் சொட்டு மருந்து, மூக்கு ஸ்பிரே, ஆன்டிபயாடிக், ஆவி பிடிப்பது என்று ஒரு வாரத்துக்கு மேல் போன பிறகுதான் கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் சோதனை எடுக்கச் சொன்னார்கள். சிகிச்சைக்கு இருந்த நல்ல அவகாசத்தில் பாதி அதற்குள் கரைந்துவிட்டது. செலவான பணம்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது. இதைப் படிக்கிற யாராவது ஒருவருக்கு அந்த ஒரு வாரம் மிச்சமாக வேண்டும். என் கதையை இதோடு நிறுத்திக்கொண்டு, இந்த நோயைப் பற்றி அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டியதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர்கள் இதை 'சடன் சென்சரிநியூரல் ஹியரிங் லாஸ்' என்பார்கள். உள்காதோ, அங்கிருந்து மூளைக்குப் போகும் கேள்வி நரம்போ திடீரென்று பழுதாவதுதான் இது. 72 மணி நேரத்துக்குள், ஆடியோகிராமில் அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் இந்தப் பெயர் பொருந்தும். அநேகமாக ஒரு காதில்தான் வரும். எந்த வயதிலும் வரலாம் என்றாலும் ஐம்பதை ஒட்டிய வயதில் அதிகம். காரணம் என்ன என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். வைரஸாக இருக்கலாம், உள்காதுக்குப் போகும் ரத்தம் தடைபட்டிருக்கலாம், உடலின் எதிர்ப்பு சக்தியே உள்காதைத் தாக்கியிருக்கலாம். சந்தேகங்கள் இத்தனை இருந்தும், ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்குக் கடைசி வரை காரணம் தெரிவதில்லை. ஏ.சி. காற்று பட்டதாலோ, தலைக்குக் குளித்ததாலோ, ஐஸ்கிரீம் சாப்பிட்டதாலோ வந்தது என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்பது காதின் உள்ளமைப்பு தெரிந்தால் புரியும். வெளிக்காது சத்தத்தைத் திரட்டிச் செவிப்பறையில் மோதவிடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காதில் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு என்று மூன்று குட்டி எலும்புகள். அங்கவடி மூன்று மில்லிமீட்டர் சொச்சம்தான், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. காற்றில் வரும் சத்தம் நேராகத் திரவத்தில் பட்டால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடும். அதனால்தான் இந்த எலும்புகள் தேவைப்படுகின்றன. செவிப்பறையின் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப் போல ஏறக்குறைய 17 மடங்கு. அவ்வளவு பெரிய பரப்பில் விழும் அழுத்தத்தை அந்தச் சின்ன இடத்தில் குவித்துத்தான் உள்காதின் திரவம் அசைக்கப்படுகிறது. அதற்கும் உள்ளே காக்ளியா. இரண்டரைச் சுற்றுச் சுருள். பிரித்து நீட்டினால் 35 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச் செல்கள். உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் 12,000. உள்வரிசைச் செல்கள்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசைச் செல்கள் தாங்களே நீண்டு சுருங்கி மெல்லிய சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கின்றன. கீச்சென்ற உயர்ந்த சுருதிகள் காக்ளியாவின் அடிவாரத்திலும், கனத்த தாழ்ந்த சுருதிகள் உச்சியிலும் பதிவாகின்றன.

இந்தச் செல்களின் தலைப்பகுதி பொட்டாசியம் நிறைந்த ஒரு திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்தத் திரவத்தில் ஏறக்குறைய 80 மில்லிவோல்ட் மின்னழுத்தம் எந்நேரமும் இருந்தாக வேண்டும். காக்ளியாவின் பக்கச் சுவரில் இருக்கும் ரத்தநாளப் பட்டை ஒன்றுதான் அதை ஓயாமல் ஏற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு வரும் ரத்தம் முழுக்க ஒரே ஒரு மெல்லிய தமனி வழியாக. அது அடைபட்டால் மாற்றுப் பாதை கிடையாது. செத்துப்போன மயிர்ச் செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. கோழி போன்ற பறவைகளுக்கு அவை மறுபடி முளைக்கின்றன என்று 1980களில் கண்டுபிடித்தார்கள். நமக்கு அந்த வரம் இல்லை. ஆனால் முதல் சில நாட்களில் எல்லாச் செல்லும் செத்துவிடுவதில்லை. வீங்கி, மின்னழுத்தம் குறைந்து, செயலற்றுக் கிடப்பவையும் இருக்கும். சிகிச்சை அவற்றைக் காப்பாற்றத்தான், அதனால்தான் நாள் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடைப்பு வெளியிலா உள்காதிலா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் நீளமாக இழுங்கள். சத்தம் எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறது? முதலில் நல்ல காதை விரலால் அடைத்துப் பழகிக்கொள்ளுங்கள். விரல் வைத்த பக்கமே முனகல் பலமாகும். வெளியில் அடைப்பு இருந்தால் மண்டையோடு வழியாக வரும் சத்தம் அந்தப் பக்கம்தான் அதிகம் தெரியும், வெளிச் சத்தமும் குறுக்கிடாது. இப்போது விரலை எடுத்துவிட்டு மறுபடி முனகுங்கள். பாதித்த காதுப் பக்கம் பலமாகக் கேட்டால் அழுக்கு, நீர், சளி மாதிரி நடுக்காது வரையிலான கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கிப் போனால் பழுது உள்காதில் என்று சந்தேகிக்க வேண்டும். டாக்டர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றி நடுவில் வைத்துப் பார்க்கும் வெபர் சோதனையும் இதே தத்துவம்தான். இந்த முனகல் சோதனை நோயைத் தீர்மானிக்காது. ஏற்கெனவே ஒரு காதில் குறை இருந்தவர்களுக்குக் குழப்பமான பதில் தரும். ஆனால் 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமா, இன்றைக்கே ஓட வேண்டுமா' என்ற கேள்விக்கு ஒரு நல்ல துப்பு. எந்தப் பக்கம் கேட்டாலும் நல்லெண்ணெய், பூண்டு காய்ச்சிய எண்ணெய் எதையும் காதில் ஊற்ற வேண்டாம். உள்காதுக்கு அது போய்ச் சேராது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைக்கும்.

டாக்டரிடம் போனால் 'காது அடைத்திருக்கிறது' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் பதிலும் அழுக்கு, சளி என்றே வரும். 'நேற்று வரை கேட்டது, இன்று காலை முதல் இந்தக் காது கேட்கவில்லை, முனகிப் பார்த்தால் நல்ல காதில் கேட்கிறது' என்று சொல்லுங்கள். தொடங்கிய தேதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது செவிப்பறை பளிச்சென்று நலமாகத் தெரிந்தால் நிம்மதி அடைய வேண்டாம், உள்காதுப் பழுதில் அது எப்போதும் நலமாகத்தான் தெரியும். அழுக்கும் இருக்கலாம், அதற்குப் பின்னால் இந்த நோயும் இருக்கலாம். எடுத்துச் சுத்தம் செய்த அந்த நிமிடமே கேட்கும் திறன் திரும்பவில்லை என்றால், 'ஒரு வாரம் சொட்டு விட்டுப் பாருங்கள்' என்பதை ஏற்காமல் ஆடியோகிராம் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாகத்தான் இருக்கும், டாக்டர் முகம் சுளிக்கவும் கூடும். பரவாயில்லை, கேளுங்கள்.

இ.என்.டி. கிளினிக்குக்குப் போகாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கே போக வேண்டிய நிலைமை ஒன்று உண்டு. காது போனதோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப் போவது, நிற்கவே முடியாமல் தள்ளாடுவது இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உள்காதுக்குப் போகும் தமனி பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகும் ஒரு தமனியின் கிளை. அந்தப் பெரிய தமனியே அடைத்தாலும் முதலில் தெரிவது காது அடைப்பும் தலைச்சுற்றலுமாக இருக்கக்கூடும். இரண்டு காதும் ஒரே நேரத்தில் போனாலும் தாமதிக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல், தன்னெதிர்ப்பு நோய், சில ஊசி மருந்துகள் என்று தேட வேண்டிய காரணங்களே வேறு.

ஆடியோகிராம் சத்தம் புகாத சிறு அறையில் எடுப்பது. சில நூறு ரூபாய்தான் ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் எடுக்கலாம். ஹெட்போன் மாட்டி 250 ஹெர்ட்ஸிலிருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரை சத்தம் விடுவார்கள், கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு காதுக்குப் பின் எலும்பில் ஒரு அதிர்வியை வைத்து மறுபடியும். காகிதத்தில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. கோடு கீழே போகப் போகக் கேள்வி குறைவு. 25 டெசிபல் வரை பெரியவர்களுக்கு இயல்பு, 40 தாண்டினால் சாதாரணப் பேச்சே சிரமம், 90 தாண்டினால் அந்தக் காதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். 60 டெசிபல் இழப்பு என்றால், இயல்பான காது கேட்கும் சத்தத்தைவிடப் பத்து லட்சம் மடங்கு ஆற்றல் தேவை. காற்று வழிக் கோடும் எலும்பு வழிக் கோடும் ஒட்டியே கீழே இறங்கியிருந்தால் பழுது உள்காதில். எலும்பு வழிக் கோடு மேலேயே இருந்து காற்று வழிக் கோடு மட்டும் இறங்கியிருந்தால் அது வெளிக்காது, நடுக்காது சம்பந்தப்பட்டது.

இந்தச் சோதனையில் ஒரு இடத்தில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். கேட்காத காதில் பலமாகச் சத்தம் விட்டால், ஹெட்போனில் ஏறக்குறைய 40 டெசிபலைத் தாண்டியதும் அது மண்டையோடு வழியாக நல்ல காதுக்கே போய்ச் சேர்ந்துவிடும். எலும்பில் வைக்கும் அதிர்வியில் அந்த வரம்பும் இல்லை, வைத்த நிமிடமே இரண்டு உள்காதும் அதிரும். சத்தம் கேட்டது என்று நீங்களும் உண்மையாகவே பொத்தானை அழுத்துவீர்கள். முழுக்கச் செத்த காதுகூட அப்போது பாதி கேட்பது போலக் காகிதத்தில் வரும், இன்னும் மோசம், நடுக்காதுக் கோளாறு போலவே படம் வரும். இதைத் தடுக்க நல்ல காதில் 'ஷ்ஷ்' என்று தொடர் இரைச்சல் விட்டு அதை மும்முரமாக வைத்திருக்க வேண்டும், இதற்கு மாஸ்கிங் என்று பெயர். சோதனை முழுக்க அந்த இரைச்சல் உங்களுக்குக் கேட்கவே இல்லை என்றால் ஆடியோலஜிஸ்டிடம் 'மாஸ்கிங் போட்டீர்களா' என்று கேளுங்கள். இரண்டு காதுக்கும் நடுவே 40 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருக்கும் காகிதத்தில் மாஸ்கிங் குறி இல்லை என்றால் அந்த எண்களை நம்பி முடிவெடுக்க முடியாது. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்ல வைக்கும் பேச்சுச் சோதனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்பதும் சொல் புரிவதும் வேறு வேறு.

சிகிச்சை ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டே தீர வேண்டும், போட்டால் எல்லோருக்கும் திரும்பிவிடும் என்று சொல்லும் அளவுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. எதுவுமே செய்யாமல் ஓரளவு தானாகத் திரும்புகிறவர்களும் கணிசமாக உண்டு. ஆனால் முழுதாகப் போகக்கூடிய ஒரு புலனுக்கு முன்னால், இரண்டு வார மாத்திரையின் தொந்தரவு பெரும்பாலோருக்குத் தாங்கக்கூடியது. அதனால்தான் முதல் இரண்டு வாரத்துக்குள் கொடுத்துப் பார்க்கலாம் என்று அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. அளவு முக்கியம். உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் பிரட்னிசலோன், அதிகபட்சம் நாளுக்கு 60 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை முழு அளவு, பிறகு படிப்படியாகக் குறைப்பது. அலர்ஜிக்கு எழுதுவது மாதிரி 10 மில்லிகிராம் மூன்று நாள் என்று எழுதினால் அது இந்த நோய்க்குப் போதாது. வேறு பெயரில் எழுதியிருந்தால் கணக்கு மாறும். 60 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்குச் சமம் 48 மில்லிகிராம் மெத்தில்பிரட்னிசலோன் அல்லது 72 மில்லிகிராம் டெஃப்லாசகார்ட். மாத்திரை விலை மிகவும் குறைவு. இவ்வளவு மலிவான மருந்துக்கு நான் அத்தனை நாள் தாமதமாக வந்து சேர்ந்தேன் என்பதுதான் மனதை அறுக்கிறது.

கடையில் நீங்களே வாங்கிப் போட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு முதல் நாளிலிருந்தே சர்க்கரை எகிறும், குறிப்பாக மதியத்துக்கு மேல். வீட்டில் மீட்டர் வைத்துத் தினமும் இரண்டு மூன்று முறை பார்த்து, டாக்டரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் ஏறலாம். பழைய காசநோய், ஹெபடைடிஸ் பி, வயிற்றுப் புண், கண் அழுத்தம் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். மொத்த அளவையும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒரே வேளையாகப் போடுங்கள். சாயங்காலம் போட்டால் ராத்திரி தூக்கம் போகும். அப்படியும் சிலருக்குத் தூக்கம் வராது, படபடப்பு வரும், காரணமில்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். அது மருந்தின் வேலை என்று வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தால் அந்த இரண்டு வாரம் எல்லோருக்குமே சுலபம். டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்தக் கூடாது. பிற்பாடு இடுப்பில், தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால் ஸ்டீராய்டு சாப்பிட்டதைச் சொல்லுங்கள். அரிதாக இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்தம் குறைந்து பாதிக்கப்படுவது உண்டு.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், மாத்திரையில் பலன் வராதவர்களுக்கும் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 2011-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 250 பேரிடம் மாத்திரையையும் ஊசியையும் ஒப்பிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது ஊசி மாத்திரைக்குச் சளைத்ததாக இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு இது பெரிய ஆறுதல். மாத்திரையில் பலன் இல்லாதபோது தொடங்கிய நாளிலிருந்து 2 முதல் 6 வாரத்துக்குள் இதைச் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டால் பயம் வரும், செய்வது சில நிமிடம். படுக்க வைத்து, மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, செவிப்பறையை மரக்க வைத்து, மெல்லிய ஊசியால் அரை மில்லி அளவு மருந்தை உள்ளே விடுவார்கள். மருந்து உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், குளிர்ச்சியாகப் போனால் சமநிலை உறுப்பு கிளறப்பட்டு அறையே சுற்றும். பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி தலையைத் திருப்பி 15 முதல் 30 நிமிடம் அசையாமல் படுக்க வேண்டும். அந்த நேரத்தில் எச்சில் விழுங்காமல், பேசாமல், கொட்டாவி விடாமல் இருப்பதில்தான் பாதிப் பலன் இருக்கிறது. விழுங்கும்போது நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் குழல் திறந்து மருந்து கீழே இறங்கிவிடும். தொண்டையில் கசப்பு தெரிந்தால் இறங்குகிறது என்று அர்த்தம். எச்சிலைத் துப்ப ஒரு டிஷ்யூவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செவிப்பறையில் விழுந்த துளை பெரும்பாலும் தானாக மூடிவிடும், அதுவரை காதில் தண்ணீர் படக் கூடாது. சிலருக்கு ஓட்டை மூடாமல் நிற்பதும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

பணத்தை எங்கே மிச்சப்படுத்தலாம் என்றும் சொல்ல வேண்டும். வைரஸ் மருந்து, ரத்த உறைவைக் கரைக்கும் மருந்து, ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து இவற்றை இந்த நோய்க்கு வழக்கமாக எழுதக் கூடாது என்று அதே வழிகாட்டி வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் சீட்டுகளில் அவை தொடர்ந்து வருகின்றன. பல மடங்கு அளவு ஸ்டீராய்டை நரம்பில் ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அட்மிஷன் போடச் சொன்னால் யோசியுங்கள். ஜெர்மனியில் அதிக அளவையும் சாதாரண அளவையும் ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் வெளிவந்தது, அதிக அளவு கூடுதல் பலன் தரவில்லை, பக்க விளைவுதான் கூடியது. அழுத்தம் கூட்டிய அறையில் ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சையை ஸ்டீராய்டோடு சேர்த்து, முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பயன் இருக்கலாம். பல அமர்வுகள் வேண்டும், செலவும் அதிகம், எல்லா ஊரிலும் கிடையாது. கைவசம் பணம் குறைவு என்றால் அதைவிட எம்.ஆர்.ஐ.க்கு ஒதுக்குங்கள்.

எம்.ஆர்.ஐ. ஏன் என்றால், திடீரென்று காது போனவர்களில் சிறு சதவீதம் பேருக்குக் கேள்வி நரம்புப் பாதையில் கட்டி இருக்கும். புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்வது, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. ஸ்டீராய்டில் கேள்வி திரும்பிவிட்டாலும் கட்டி இல்லை என்று ஆகாது, அதனால் குணமானவர்களும் எடுக்கத்தான் வேண்டும். தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் இது பெரும்பாலும் தெரியாது, வேறு காரணம் இல்லாமல் அதற்குப் பணம் கட்ட வேண்டாம். சீட்டில் 'உள்காது நரம்புக் குழாய், கான்ட்ராஸ்டுடன்' (படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்துடன்) என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று எடுத்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னால் பல ஆயிரம் ரூபாய் இரண்டு தடவை போகும். அந்த மெஷின் பயங்கரமாகச் சத்தம் போடும், இரண்டு காதுக்கும் அடைப்பான் கேட்டு வாங்குங்கள். உடலில் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்து எம்.ஆர்.ஐ. முடியாது என்றால் 'பெரா' என்கிற நரம்புச் சோதனை உண்டு, சின்னக் கட்டிகளை அது தவறவிடலாம்.

இனி, யாரும் எச்சரிக்காத பகுதி. கேள்வி குறைந்ததைவிட மிச்சமிருக்கும் கேள்வி கோணலாகிவிடுவதுதான் முதல் மாதங்களில் ஆளை வாட்டும். வெளிவரிசை மயிர்ச் செல்கள் போனால் மெல்லிய சத்தம் கேட்காது, ஆனால் கொஞ்சம் பலமான சத்தம் சட்டென்று தாங்க முடியாத அளவுக்கு ஏறிவிடும். சமையல்கட்டில் எவர்சில்வர் தட்டு தட்டோடு உரசினால் காதுக்குள் கத்தி வைத்தது போல இருக்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது மட்டும் புரியாது. ஒரே சுரம் இரண்டு காதிலும் இரண்டு சுருதியாக விழும், பழகிய பாட்டு அபசுரமாகக் கேட்கும். பாட்டே கேட்கப் பிடிக்காமல் போனது எனக்குக் காது போனதைவிட அதிக துக்கமாக இருந்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், உள்காதில் சுருதிகள் பதிவாகும் இடம் சிதைந்ததன் நேரடி விளைவு அது. பலருக்கு மாதங்களில் தணிகிறது.

இரைச்சலும் அப்படித்தான். காக்ளியாவிலிருந்து செய்தி வராததால் மூளை தன் வால்யூமைத் தானே கூட்டுகிறது, அந்தக் கூட்டலின் சத்தம்தான் நாள் முழுக்கக் கேட்பது. அமைதியான ராத்திரியில் அதிகமாகத் தெரியும், எனவே முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள். ஃபேன், மெல்லிய மழைச் சத்தம் ஏதாவது ஓடட்டும், இரைச்சலை மூழ்கடிக்காத அளவுக்கு. இதற்கென்று மாத்திரை இல்லை. ஜிங்கோ, துத்தநாகம் என்று விற்பதை நம்பி மாதக் கணக்கில் செலவழிக்காதீர்கள். இரைச்சலால் வரும் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் குறைக்க மனநல ஆலோசகர் தரும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அங்கே போக வெட்கப்பட வேண்டாம். தாழ்ந்த சுருதிகள் மட்டும் போனவர்களுக்குத் திரும்பும் வாய்ப்பு அதிகம். எல்லாச் சுருதியும் ஆழமாகப் போனவர்களுக்கும், தொடக்கத்திலேயே கடும் தலைச்சுற்றல் வந்தவர்களுக்கும் குறைவு. சிகிச்சை முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், ஆறு மாதத்துக்குள் இன்னொன்று எடுத்துவிடுங்கள். அதற்குப் பின் பெரிய மாற்றம் வருவது அபூர்வம்.

ஒற்றைக் காதோடு வாழ்வதில் முதல் ஆபத்து சாலையில். சத்தம் இரண்டு காதுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அதிகபட்சமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் முக்கால் பங்குகூட இல்லாத வித்தியாசம். ஒரு காது போனால் அந்தக் கணக்கே இல்லை. ஹாரன் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. சாலையைக் கடக்கும்போது காதை நம்பாமல் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக் கண்ணால் பார்த்த பிறகே கால் வைக்க வேண்டும். கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில், ஓட்டலில் கேட்காத காது சுவர்ப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். நல்ல காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தால் அலாரமும் கேட்காது, குழந்தை அழுவதும் கேட்காது. அதிரும் அலாரம் வாங்கி வையுங்கள். போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வரும் குரல் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது. புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும் 'எனக்கு ஒரு காதுதான்' என்று முதலில் சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசிகள், புற்றுநோய்க்குப் போடும் சிஸ்பிளாட்டின் போன்றவை இருக்கும் காதையும் கெடுக்கக்கூடியவை, மாற்று மருந்து இருந்தால் அதை யோசிப்பார்கள். திருவிழா ஸ்பீக்கருக்கும் பட்டாசுக்கும் அருகே காதடைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் கால் மணி நேரம்தான்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு அலைவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் செவித்திறன் குறைவு என்பது இரண்டு காதிலும் 60 டெசிபலிலிருந்து தொடங்குகிறது. ஒரு காது முழுக்கப் போயிருந்தாலும் மறு காது நன்றாக இருந்தால் அந்த வரையறைக்குள் வராது. கருவிகளில், கேட்காத பக்கத்துச் சத்தத்தை நல்ல காதுக்கு அனுப்பும் 'கிராஸ்' வகை காது கேட்கும் கருவி உண்டு. பேச்சு எட்டும், ஆனால் திசை தெரிவதைத் திருப்பித் தராது. அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி திசையையும் ஓரளவு தரும். ஒற்றைக் காது இழப்புக்கு அமெரிக்காவில் 2019-ல் அனுமதி கிடைத்திருக்கிறது, இங்கே பல லட்ச ரூபாய் சொந்தச் செலவு. எந்தக் கருவியானாலும் சும்மா கடையில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்து வாங்காதீர்கள், அமைதியான அறையில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். சோதனைக்குச் சில நாள் கேட்டு வாங்கி, நீங்கள் தினமும் போகும் பஸ்ஸிலும் ஆபீஸ் கேன்டீனிலும் மாட்டிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு பணம் கட்டுங்கள்.